கணக்கேட்டில் காஞ்சி நெசவாளர்

பூர்வீக கிராமத்தின் வாழ்வை அறிய விழைவோர் கல்வெட்டையும் ஸ்தல புராணத்தையும் நாடுவரேயன்றி, ஜனத்தொகைக் கணக்கு நூல்களைத் தொடுவாரில்லை. 1961ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் சென்னை ராஜ்யத்தின் தலைமை அதிகாரியாயிருந்த பி. கே. நம்பியார், தலைகளை எண்ணியதோடு அமையாமல், தேர்ந்தெடுத்த கிராமங்களின் ஜீவனத்தையும், காஞ்சி அன்று அடங்கியிருந்த செங்கற்பட்டு ஜில்லாவின் ஆலயங்களையும், காஞ்சிபுரத்துப் பட்டு நெசவையுங்கூடத் தனித்தனி நூல்களாக ஆங்கிலத்தில் வெளியிட்டார். அவற்றில் பாட்டனாரின் பெயரைத் தேடுவது வீண். தனிமனிதர் விவரங்களை 1948ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கெடுப்புச் சட்டம் ரகசியமாக்கிவிட்டது. பெயர் கிடைக்காவிட்டால் என்ன? பல்லவர் காலக் கல்லில் மன்னனுக்கும் தெய்வத்துக்கும் குறைவில்லாத இடமிருக்க, குழித்தறியில் கால்மடக்கி ஆயுளைக் கழித்த நெசவாளன் சரித்திரத்துக்கு உரியவனானது இத்தகைய சர்க்கார் ஏடுகளினால்தான் என்பது என் அபிப்பிராயம். அவனுடைய பேரப்பிள்ளைகள் படிக்கும்படி, அந்நூல்களைத் தமிழாக்கிக் காஞ்சி நூலகங்களில் வைப்பது அரசாங்கத்தின் கடமை.