குரல் உடைந்தது, கை பேசியது!
"பாவலர் பிரதர்ஸ்" மாறியதைக் குறை சொல்லலாமா?

"அன்னக்கிளி மாதிரி ஒரு பாட்டு இப்ப வருமாய்யா? அந்த ராஜா வேற, இந்த ராஜா வேற!"

திருவதிகை கோவில் பக்கம் டீக்கடையில் ஒரு பெரியவர் இப்படி ஆரம்பித்தால் போதும். இளவட்டம் எகிறும்.

"சும்மா இருங்க பெரியவரே! லண்டன்ல போய் சிம்பொனி நடத்திட்டு வந்திருக்காரு. அது தெரியாம பேசறீங்களே!"

டீ ஆறும். சண்டை ஆறாது.

இரண்டு பேர் பேச்சிலும் பாதிதான் நியாயம். இளையராஜா இடையில் ஒருநாள் திடீரென்று மாறியவர் அல்ல. மாறிக்கொண்டே வந்த ஒரு பாட்டுக் குழுவில் வளர்ந்தவர். அந்தக் குழுவின் பெயர் "பாவலர் பிரதர்ஸ்".

நாலு பேர்

இன்றைய வயசுப் பிள்ளைகள் பலருக்கு இந்தப் பெயரே தெரியாது.

இப்போதைய தேனி மாவட்டத்துப் பண்ணைப்புரம்தான் அவர்கள் ஊர். அண்ணன் தம்பிகள் நாலு பேர். மூத்தவர் பாவலர் வரதராசன். அடுத்தவர்கள் பாஸ்கர், ராசய்யா, அமர்சிங். ராசய்யாதான் பிற்பாடு இளையராஜா. அமர்சிங்தான் கங்கை அமரன்.

பாவலர் கம்யூனிஸ்டு கட்சி மேடைகளில் பாடியவர். ஜனங்களுக்குப் பழக்கமான சினிமா மெட்டை எடுப்பார். அதில் தன்னுடைய வார்த்தைகளைப் போட்டுப் பாடுவார். ஏழை பாழைகளின் கஷ்டம் பாட்டாக வரும். கூட்டம் கைதட்டும்.

1958-ம் ஆண்டு கேரளத்தில் தேவிகுளம் இடைத்தேர்தல் நடந்தது. தமிழ்த் தோட்டத் தொழிலாளர்கள் நிறைந்த தொகுதி. பாவலர் அங்கே போய்ப் பாடி ஓட்டுக் கேட்டார். கம்யூனிஸ்டு வேட்பாளர் ரோசம்மா புன்னூஸ் ஜெயித்தார்.

ஆர்மோனியம், தாளம், தொண்டை. அன்றைக்குக் குழுவின் சொத்து அவ்வளவுதான்!

குரல் போச்சு

ராசய்யா 14 வயதில் குழுவில் சேர்ந்தார். பெண் குரலில் பாடுவது அவர் வேலை.

பையனுக்கு மீசை முளைக்கும் வயசு வந்தது. குரல் உடைந்தது. பெண் குரல் போச்சு!

வேறு யாராக இருந்தாலும் வீட்டுக்குப் போயிருப்பார்கள். ராசய்யா ஆர்மோனியத்தின் முன்னால் உட்கார்ந்தார். தொண்டை செய்த வேலையைக் கை செய்ய ஆரம்பித்தது. முதல் மாற்றம் பேஷனுக்காக வந்தது அல்ல. பிழைப்புக்காக வந்தது.

ரூ.400

1960-களின் கடைசியில் தம்பிகள் சென்னைக்குக் கிளம்பினார்கள். கையில் காசு இல்லை. தாயார் சின்னத்தாய் அம்மாள் வீட்டு ரேடியோவை விற்று 400 ரூபாய் கொடுத்தார்.

வீட்டில் பாடிய ரேடியோ போனது. பின்னாளில் ஊர் பூரா ரேடியோவில் அந்தப் பிள்ளைகள் பாட்டுத்தான்!

சென்னையில் நாடகங்களுக்கு வாசித்தார்கள். ராசய்யா, தன்ராஜ் மாஸ்டரிடம் மேல்நாட்டு சங்கீதம் படித்தார். சலீல் சவுத்ரியிடம் கிட்டார் வாசித்தார். ஜி.கே. வெங்கடேசிடம் உதவியாளராக இருந்தார். காதால் கேட்டு வாசித்த பையன், காகிதத்தில் சுரம் எழுதி மற்றவர்களை வாசிக்க வைக்கும் ஆளானார்.

1976-ல் "அன்னக்கிளி" வந்தது. மேலே கிராமத்து மெட்டு. அடியில் மேல்நாட்டு வாத்தியக் கோர்வை. ஜனங்களுக்கு மண்வாசனை மட்டும்தான் தெரிந்தது. பாவலர் அதைக் கேட்க இல்லை. முன்னாடியே காலமாகி விட்டார்.

டீக்கடைப் பெரியவர் "பழைய ராஜா" என்று கொண்டாடுகிறாரே, அந்தப் பாட்டே அன்றைக்குப் புதுசு! கட்சி மேடை ஆர்மோனியத்திலிருந்து அது எத்தனை தூரம்!

தியாகராஜரும் பாக்கும்

அதோடு நின்றாரா? 1985-ல் "சிந்து பைரவி". முழுக்கக் கர்நாடக சங்கீதத்தைச் சுற்றிய படம். தேசிய விருது கிடைத்தது. 1986-ல் "ஹவ் டு நேம் இட்" இசைத்தொகுப்பு. தியாகராஜருக்கும் ஜெர்மனி பாக்குக்கும் சேர்த்துக் காணிக்கை. 2005-ல் திருவாசகம். 2025 மார்ச் 8-ந் தேதி லண்டனில் சிம்பொனி.

நடுவில் 2016-ல் "தாரை தப்பட்டை" வந்தது. மறுபடியும் திருவிழாக் கொட்டு! அந்தப் படத்தின் பின்னணி இசைக்கும் தேசிய விருது. எங்கே சுற்றினாலும் கிளம்பிய இடத்தை அவர் மறக்கவில்லை.

தம்பி அமரன் வேறு வழியில் போனார். பாட்டு எழுதினார், இசை அமைத்தார், படம் எடுத்தார். 1989-ல் அவர் எடுத்த "கரகாட்டக்காரன்" படத்துக்கு அண்ணன்தான் இசை.

சீமையிலும் இதே கதை நடந்தது. லிவர்பூல் பையன்கள் நாலு பேர், "பீட்டில்ஸ்" குழு. 1962-ல் சாதாரணக் காதல் பாட்டோடு வந்தார்கள். 1965-ல் சித்தாரைப் பாட்டில் சேர்த்தார்கள். 1966-ல் ஊர் ஊராகக் கச்சேரி செய்வதையே விட்டார்கள். பழைய ரசிகர்கள் சிலர் முகம் சுளித்தார்கள். உலகம் இன்றைக்கும் கேட்கிறது.

திருவதிகைக்காரருக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதே இல்லை. சமண மடத்தில் இருந்த நாவுக்கரசர், சூலை நோயோடு அக்கா திலகவதியாரைத் தேடி வந்து முதல் பதிகம் பாடிய ஊர் இது. பாதை மாறியவரைத்தான் இந்த ஊர் "அப்பர்" என்று கும்பிடுகிறது.

கவனிப்பார்களா?

மாறியதெல்லாம் தங்கம் என்று யாரும் சொல்ல வேண்டாம். பிடிக்காத பாட்டைப் பிடிக்கவில்லை என்று சொல்ல ரசிகனுக்கு உரிமை உண்டு. "மாறியதே தப்பு" என்பதுதான் அநியாயம்.

இன்னொரு விஷயம். திருவிழாக்களில் இன்னிசைக் குழு கூப்பிடுவது குறைந்து வருகிறது. "செலவு மிச்சம்" என்று பென் டிரைவைச் செருகி விடுகிறார்கள். குழு வந்தாலும் பாதி வாத்தியம் பதிவு செய்த "டிராக்". தபேலாக்காரரும் கீபோர்டுக்காரரும் வேறு பிழைப்புத் தேடுகிறார்கள்.

பென் டிரைவுக்குக் குரல் உடையாது. அதனால் அது ஆர்மோனியமும் கற்றுக்கொள்ளாது.

திருவதிகை, பண்ருட்டி, நெய்வேலி வட்டாரக் கமிட்டிக்காரர்கள் அடுத்த திருவிழா நோட்டீஸ் அச்சடிக்கும்போது ஒரு ராத்திரியை உயிருள்ள குழுவுக்கு ஒதுக்கட்டும். பழைய பாட்டு நாலு, புதுசு நாலு பாடட்டும். அந்த மேடையில் ஓரமாக நின்று பெட்டி தூக்கும் பொடியன் நாளைக்கு யாரோ!