மலைவீதியும் பழைய மோட்டார் வண்டியும்

கல்லூரி விழா மலரிலே பழைய மோட்டார் வண்டி வாங்குவது பற்றி எழுதப் புகுந்தோரைக் கண்டு நகைப்போர் இருத்தல் கூடும். கல்லூரியின் பழம்பெருமை, ஆசிரியப் பெருந்தகைகளின் நினைவு, சமயம், தமிழ் என்றின்னோரன்ன பொருள்களைத் தக்கார் பலர் இம்மலரில் எழுதியிருப்பர். அவற்றுக்கிடையே இக்கட்டுரையும் ஒரு மூலையில் இடம்பெறுக. எம் கல்லூரியிற் பயின்று, ஆசிரியத் தொழிலை மேற்கொண்டு, மலைநாட்டில் நியமனம் பெற்று, ஹட்டன் நகரில் ஒரு வாடகை வீட்டிற் கூடி வாழும் பழைய மாணவர் நால்வர் நாம். எமக்குப் பின் இவ்வழியே வரும் இளைஞர், வந்திறங்கிய சில திங்களுள், "அண்ணை, என்ன கார் வாங்கலாம்?" என்று எம்மிடம் தவறாது கேட்கின்றனர். அவர்களுக்கு வாய்மொழியாகச் சொல்லிவந்ததை ஈண்டு எழுதி வைக்கின்றோம்.

கார் ஆடம்பரப் பொருளன்றோ என்பார்க்கு முதலில் ஒரு வார்த்தை. பாடசாலை மணி காலை ஏழரைக்கு அடிக்கின்றது. ஹட்டனிலிருந்து பொகவந்தலாவைக்கும் மஸ்கெலியாவுக்கும் பேருந்துகள் உள. ஆயினும் அவை பெருவீதியோடு நின்றுவிடும். அங்கிருந்து தோட்டத்தின் மேற்பிரிவுக்குச் செல்லும் பாதை தேயிலை மலையைச் சுற்றிச் சுற்றி ஏறுவது. நடந்தால் முக்கால் மணி நேரம், ஓட்டோ பிடித்தால் ஒரு கிழமைக் கூலியே சம்பளத்தை அரித்துவிடும். மழைக்காலத்திலே நனைந்த உடுப்போடு முதற் பாடம் நடத்துவது எத்தனை நாளைக்கு இயலும்? ஓராண்டு பொறுத்தவர் இரண்டாம் ஆண்டில் இடமாற்றத்துக்கு விண்ணப்பிக்கிறார். அவர் கணித ஆசிரியராயின், சாதாரண தர வகுப்புப் பிள்ளைகள் அடுத்தவர் வரும்வரை வெறுமனே இருக்கின்றனர். எமக்குத் தெரிந்த இடமாற்றங்கள் பலவற்றுக்குப் பிரயாணத் துன்பமே மெய்யான காரணம். விண்ணப்பத்தில் மட்டும் தாயாரின் சுகவீனம் என்று எழுதப்படும். ஆதலின் ஓடக்கூடிய ஒரு கார் இங்கு ஆடம்பரமாகாது.

முற்காலத்து ஆசிரியர்க்கு மொறிஸ் மைனர் இருந்தது. 1948 முதல் 1971 வரை இங்கிலாந்திற் செய்யப்பட்ட அவ்வண்டி இலங்கையின் வீதிகளில் இன்றும் முற்றாக மறையவில்லை. 1952 தொடக்கம் 1956 வரை வந்த மைனரின் எஞ்சின் 803 கன சென்ரிமீற்றர். எம் காலத்து ஏழையின் காராகிய மாருதி 800 இன் எஞ்சினோ 796. இரு தலைமுறைக்குப் பின்னும் ஆசிரியர்க்கு வாய்த்த எஞ்சின் ஏழு கன சென்ரிமீற்றர் குறைந்தேயுளது என்று எம்மில் ஒருவர் பரிகாசம் செய்வதுண்டு. அவர் பொருளியல் படிப்பிப்பவர்.

பரிகாசம் கிடக்க, சந்தையின் நிலையை நோக்குவோம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022 இல் ரூபாயின் மதிப்பு வீழ்ந்தது. வண்டியை ஐந்தாண்டு ஓடித் தேய்த்தபின் வாங்கிய விலையிலும் கூடிய விலைக்கு விற்ற அதிசயத்தை நாம் கண்ணாற் கண்டோம். 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி மீளத் திறக்கப்பட்டதாயினும், வரிச்சுமை காரணமாகப் புதிய வண்டி ஆசிரியர் கைக்கு எட்டவில்லை. ஆகவே எம்போல்வார்க்குப் பாவித்த வண்டியே கதி. அதிலும் பத்து, பதினைந்து, இருபது ஆண்டு பழையன. இவற்றுள் எதனைத் தெரிவது என்பதே வினா.

வாங்குவோர் முதலிற் கேட்பது, "மலை ஏறுமா?" என்பதாகும். நியாயமான கேள்வியே. நுவரெலியா கடல்மட்டத்துக்கு 1,868 மீற்றர் மேலே உளது. அங்குக் காற்றழுத்தம் கடற்கரையிலுள்ளதன் ஐந்தில் நான்கு பங்களவே. காற்றுக் குறைந்தால் எஞ்சினுள் எரிவதும் குறையும். எனவே சாதாரணப் பெற்றோல் எஞ்சின் அங்குத் தன் வலுவில் ஏறத்தாழ ஐந்திலொன்றை இழந்துவிடுகின்றது. நால்வர் ஏறி, அப்பியாசக் கொப்பிக் கட்டுகளையும் பின்னே வைத்தால், 800 எஞ்சின் நானுஓயாவிலிருந்து இரண்டாம் கியரிலே முனகிக்கொண்டு ஏறும். ஆனால் ஏறும். மெதுவாக ஏறுவதால் எவரும் இறந்ததில்லை. வெட்கப்படுவதும், பின்னால் வரும் வேன்காரனின் ஹோர்ன் ஓசையைக் கேட்பதுமே தண்டனை.

இறக்கமே கண்டம். இதனை நாம் புத்தகத்திற் கற்றிலேம்.

நாம் நால்வரும் சேர்ந்து முதலில் வாங்கிய கார் மினுக்கமானது. புதுப் பூச்சு, புது இருக்கையுறை, பாட்டுப் பெட்டி. விற்றவர் அதனை ஏற்றத்தில் ஓட்டிக் காட்டினார்; மான் போல ஏறியது. தவணை விடுமுறைக்கு ஊர் செல்லப் புறப்பட்டோம். எம்மில் ஓட்டியவர் யாழ்ப்பாணத்துச் சமவெளியிலே, மேடென்பதைக் கண்டறியாத வீதிகளில் ஓட்டப் பழகியவர். வட்டவளையைக் கடந்து கினிகத்தேனைப் பக்கம் இறங்கும்போது வளைவுக்கு வளைவு பிறேக்கை மிதித்துக்கொண்டே வந்தார். எரிந்த நாற்றம் ஒன்று எழுந்தது. முன்னே செல்லும் லொறியின் நாற்றம் என்றெண்ணிப் பேச்சைத் தொடர்ந்தோம். அடுத்த வளைவில் மிதித்த பிறேக் தரைவரை சென்றது, வண்டி நிற்கவில்லை. கியரைக் குறைத்து, கைப்பிறேக்கை இழுத்து, மலைப்பக்கத்து வடிகாலிற் சக்கரத்தை இறக்கி உராய்ந்து நிறுத்தினோம். மறுபக்கம் பள்ளம். நால்வர்க்கும் காயமில்லை. நெடுநேரம் ஒருவரும் பேசவுமில்லை.

கராஜில் அந்த மெக்கானிக் பிறேக் எண்ணெயை ஒரு போத்தலில் எடுத்துக் காட்டினார். கோப்பி நிறம். பிறேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்பினது. டொட் 3 என்னும் வகை, புதியதாயின் 205 பாகை செல்சியசுக்குக் கீழே கொதியாது. போதிய நீரை உறிஞ்சியதாயின் 140 பாகையிலேயே கொதித்துவிடும். கொதித்தால் குழாயினுள் ஆவிக் குமிழிகள் எழும். மிதிக்கும் விசை அக்குமிழிகளை நெரிப்பதிற் கழிந்து சக்கரத்தைச் சென்றடையாது. இரண்டாண்டுக்கொரு முறை எண்ணெய் மாற்றுவதற்கு ஆகும் செலவு, அவ்வண்டியின் இருக்கையுறை ஒன்றின் விலைகூட வராது. விற்றவர் உறைக்குச் செலவிட்டார். நாமும் உறையைப் பார்த்தே வாங்கினோம். பிழை பாதிக்கு மேல் எம்முடையதே.

2023 சனவரி 20 ஆம் நாள் நானுஓயா ரதெல்ல குறுக்கு வீதியிலே பேருந்தொன்று வேனுடனும் ஓட்டோவுடனும் மோதி எழுவர் உயிரிழந்த செய்தி வந்தபோது, அச்சரிவை வாரந்தோறும் கடக்கும் நாம் அன்றிரவு உறங்கவில்லை. எந்தக் கியரில் ஏற வேண்டுமோ அந்தக் கியரிலேயே இறங்க வேண்டும் என்பது மலைநாட்டு லொறிச் சாரதிகள் எமக்குக் கற்பித்த பாடம். எஞ்சின் வண்டியைப் பிடிக்க, பிறேக் துணையாக மட்டும் நிற்க வேண்டும். வாங்க எண்ணும் வண்டி இப்படிப் பிடிக்கிறதா என்பதை இறக்கத்தில் ஓட்டிப் பார்த்தே அறியலாம். விற்பவர் ஏற்றத்தைக் காட்டுவார். நீவிர் இறக்கத்தைக் கேட்பீராக.

இங்கே ஹைபிரிட் வண்டி பற்றிச் சொல்லவேண்டும். பெற்றோல் லீற்றர் 470 ரூபாயாகி, பின்னர் கியூஆர் அட்டைக்குக் காருக்கு வாரம் 20 லீற்றர் என்று அளந்து கொடுத்த 2022 ஆம் ஆண்டுக்குப் பின், இளைஞர் மனம் முழுவதும் அவற்றின் மீதே. சமநிலத்தில் அவை சிறந்தன, அதனை மறுக்கிலேம். இறங்கும்போது மின்கலத்தை நிரப்பும் உத்தியும் அழகியதே. ஆனால் நெடும் இறக்கத்திற் கலம் நிரம்பியபின் அவ்வுத்தி ஓய்ந்துவிடும். கியர்ப் பிடியில் எஞ்சினைக் கொண்டு பிடிக்கும் நிலை இருந்தால் அதனைப் பயன்படுத்தத் தெரிந்திருத்தல் வேண்டும். பழைய ஹைபிரிட்டின் மின்கலம் தளர்ந்திருந்தால் மாற்றும் செலவு ஆசிரியரின் பல மாதச் சம்பளம். இரட்டைக் கிளச் உள்ளனவோ, ஏற்றத்தில் ஊர்ந்து நின்று ஊர்ந்து செல்லும்போது சூடேறிக் குழப்பஞ் செய்வன. பழுதுற்றால் கணினியோடு இணைத்துப் பார்க்கும் வல்லுநரைத் தேடிக் கண்டிக்கோ கொழும்புக்கோ செல்ல நேரும். பாடசாலை நாளில் அது எங்ஙனம் கூடும்?

இதனிலும் பெரிய ஆபத்து லீசிங். சம்பளத்தின் பாதியை மாதந்தோறும் தவணைப் பணமாகக் கட்டும் நண்பர் ஒருவர், அப்பணத்தைத் தேடுவதற்காக மாலையில் ஹட்டனிலும் சனி ஞாயிறில் நுவரெலியாவிலும் தனியார் வகுப்பு நடத்துகிறார். பாடசாலைக்கு எளிதாகச் செல்ல வாங்கிய வண்டி, பாடசாலையில் அவரை உறங்க வைக்கின்றது. அவரைக் குறைகூற எமக்கு மனமில்லை. நாமும் அந்தப் படிவத்திற் கையொப்பமிடப் போய்த் திரும்பியவர்களே. ஆயினும் கடனில்லாத பழைய மாருதியோ ஆல்ட்டோவோ, கையாற் கியர் மாற்றும் நிசான் சன்னியோ, தவணை கட்டும் மினுக்கத்தினும் எமக்கு மேலானது என்பதே எமது துணிபு.

வண்டியைப் பார்க்கச் செல்வோர் விடியற்காலையிலே, சொல்லாமற் செல்க. எஞ்சின் மூடியைத் தொட்டுப் பார்த்தபின்பே முடுக்குக. முன்னமே சூடாக்கி வைத்திருந்தால் ஏதோ ஒன்று மறைக்கப்படுகிறது. நுவரெலியாக் குளிரில் எல்லா வண்டியும் வெண்புகை கக்கும். அது நீராவி, சற்றில் மறையும். நீலப் புகை எண்ணெய் எரிவதால் வருவது. அதனைக் கண்டால் வணக்கம் கூறித் திரும்புக. றேடியேற்றர் நீரில் எண்ணெய் மிதக்கிறதா என்பதைக் கவனிக்க. ஏற்றத்தின் நடுவே நிறுத்தி, கைப்பிறேக்கில் நிற்கிறதா, பின்வழுகாமற் புறப்படுகிறதா, கிளச் நாறுகிறதா என்று சோதிக்க. மைல்மானியை நம்பற்க, மிதிகளின் இறப்பர் தேய்ந்திருக்க, எண் மட்டும் இளமையாயிருப்பது அரிய காட்சியன்று. கொழும்புப் பக்கத்து வண்டியாயின் தரைவிரிப்பைத் தூக்கி அடியிற் சேறு படிந்துள்ளதா என்று காண்க. 2016 மே மாத வெள்ளத்தில் நீர் புகுந்த வாகனங்கள் பல.

பதிவுப் புத்தகத்திலே நிதி நிறுவனம் ஒன்றின் பெயர் நீக்கப்படாமல் இருப்பின் பணம் கொடுத்தல் தகாது. முன்னைய உரிமையாளர் கையொப்பமிட்ட வெற்றுப் படிவங்களோடு மூன்று நான்கு கை மாறிவந்த வண்டியையும் தவிர்க்க. விலை குறைவுதான். ஆனால் வழக்கென்று வந்தால் வண்டி யாருடையது?

ஒரு வேடிக்கையையும் சொல்லிவிடுவோம். குளிர்நாட்டில் குளிரூட்டி எதற்கு என்று நாம் அது இல்லாத வண்டியைத் தெரிந்தோம். மூடுபனி இறங்கும் மாலையில் நால்வர் மூச்சும் கண்ணாடியிற் படிந்து வீதியே தெரியாமற் போயிற்று. கண்ணாடியின் ஈரத்தைப் போக்குவது குளிரூட்டியே என்பதை அப்பொழுதே அறிந்தோம். இன்றும் முன்னிருக்கையில் இருப்பவர் பழைய துவாய் ஒன்றால் துடைத்துக்கொண்டே வருகிறார். அந்த இருக்கை எவர்க்கும் விருப்பமில்லாத இருக்கை.

இப்பொழுது எம்மிடமுள்ளது மாருதி 800. தலவாக்கலையில் தன் கையால் ஓட்டிப் பராமரித்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரிடம் வாங்கியது. பூச்சு மங்கல், கதவொன்று உள்ளிருந்து திறவாது. ஆனால் எந்த ஆண்டு எப்பகுதி மாற்றப்பட்டது என்று ஒரு கொப்பியில் எழுதி வைத்திருந்தார். வண்டியிலும் அக்கொப்பிக்கே நாம் விலை கொடுத்தோம் என்னலாம். நால்வர் பாடசாலைகளும் ஒரே வீதியில் அடுத்தடுத்து இருப்பதால் ஒருவரை ஒருவர் இறக்கிவிட்டுச் செல்கின்றோம். பெற்றோற் செலவு நாலாகப் பிரிகின்றது. புதிதாக வருவோரும் தனித்தனியே கடன்பட்டு நான்கு கார் வாங்காது, இருவர் மூவராகக் கூடி ஒன்று வாங்குதல் நன்று. ஒருவர்க்கு இடமாற்றம் வந்தால் பங்கை மற்றவர் எடுத்துக்கொள்வது என்பதை மட்டும் முதலிலேயே எழுத்தில் வைத்துக்கொள்க; நட்புக்கு அது குறைவாகாது.

அடுத்த தவணைக்குள் கிளச் மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். ஹட்டனிலேயே சாமான் கிடைக்கிறது; ஞாயிறு ஒரு நாளில் வேலை முடியும். பணம் சேர்த்துக்கொண்டிருக்கின்றோம்.