இலக்கணம் மட்டும் தெரிந்தால் எடிட்டர் ஆகிவிட முடியுமா?

2024 மார்ச்சில் ஓர் அறிவியல் ஆய்வுக் கட்டுரை சமூக வலைதளங்களில் பலத்த கேலிக்குள்ளானது. லித்தியம் பேட்டரி பற்றிய அந்தக் கட்டுரையின் முன்னுரை, ‘நிச்சயமாக, உங்கள் தலைப்புக்கு ஒரு முன்னுரை இதோ’ என்கிற பாணியில் தொடங்கியது. ஏஐ சாட்பாட் பதில் சொல்லும் அதே தொனி!

எழுதியவர்கள், மதிப்பாய்வாளர்கள், இதழ் ஆசிரியர் எனப் பலரையும் தாண்டித்தான் அந்த வரி வெளியானது. “இத்தனை பேர் பார்த்தும் எப்படிங்க தப்பிச்சுது?”

இந்தக் கேள்வி நமக்கும் முக்கியம். வெளிநாட்டு ஆய்விதழ்களுக்கான காப்பி எடிட்டிங், டைப்செட்டிங், எக்ஸ்எம்எல் வேலைகள் சென்னையிலும் புதுச்சேரியிலும் பெரிய அளவில் நடக்கின்றன. ஆங்கிலமோ அறிவியலோ படித்துவிட்டு ஆண்டுதோறும் பல இளைஞர்கள் இந்தத் துறைக்குள் நுழைகிறார்கள்.

நுழைந்ததும் கற்றுக்கொள்வது என்ன? இலக்கணம், ஸ்டைல் ஷீட், மேற்கோள் பட்டியலைச் சரிசெய்வது, அன்றைய பக்கக் கணக்கை முடிப்பது. இன்று மென்பொருள் வேகமாகச் செய்வதும் இவற்றைத்தான்.

அப்போ இந்த வேலைக்கு வரவே கூடாதா? தாராளமாக வரலாம். ஆனால், இலக்கணத்தோடு நின்றுவிடக் கூடாது.

ஓர் உதாரணம். பிரான்ஸைச் சேர்ந்த கணினி அறிவியலாளர் கியோம் கபனாக் குழுவினர் 2021இல் சில விசித்திரச் சொற்களை அம்பலப்படுத்தினார்கள். ‘செயற்கை நுண்ணறிவு’ என்று வர வேண்டிய இடத்தில் ‘போலி உணர்வுநிலை’ என்பதுபோன்ற ஆங்கிலச் சொற்கள். திருட்டை மறைக்க, மென்பொருளை வைத்து வார்த்தைகளை மாற்றியதன் விளைவு. இதில் இலக்கணப் பிழையே இல்லை. துறை தெரிந்த ஒருவர்தான் “இது என்ன சொல்?” என்று நிறுத்துவார்.

2023இல் மட்டும் உலகம் முழுக்க 10,000க்கும் மேற்பட்ட ஆய்வுக் கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. பொய்யான மருத்துவ ஆய்வு ஒன்று வெளியானால், அதை நம்பிச் சிகிச்சை எடுப்பவர் யாரோ அல்ல. நம் வீட்டு நோயாளியாகவும் இருக்கலாம்.

எனவே, புதிதாக வருபவர்கள் மூன்று விஷயங்களைச் செய்யலாம். ஒன்று, ஏதாவது ஒரு துறையைப் பிடித்து அதன் கட்டுரைகளைத் தொடர்ந்து படியுங்கள். இரண்டு, 1997இல் தொடங்கப்பட்ட ‘கோப்’ எனும் பதிப்பு நெறிமுறை அமைப்பின் வழிகாட்டிகள் இணையத்தில் இலவசம், படித்து வையுங்கள். மூன்று, காப்பி எடிட்டிங்கில் இருந்து பியர் ரிவியூ ஒருங்கிணைப்பு, ஜர்னல் மேனேஜர், ஆய்வு நேர்மைக் குழு போன்ற பொறுப்புகளுக்கு நகரப் பாருங்கள்.

நிறுவனங்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். சந்தேகம் கேட்டால் “டைம் இல்ல, அனுப்பிடுங்க” என்பதும், அப்ரைசலில் முடித்த பக்கங்களை மட்டும் எண்ணுவதும் எடிட்டரை உருவாக்காது. தட்டச்சு இயந்திரத்தைத்தான் உருவாக்கும். ஒரு போலிக் கட்டுரையைத் தடுத்து நிறுத்திய கேள்வியும் வேலைதான். அதையும் கணக்கில் சேருங்கள்.