குக்குப் மீனும் கோழி வறுவல் விருந்தும்



நம் தமிழ்ப்பள்ளிகள் பலவற்றில் ஒரு பழக்கம் வேரூன்றிவிட்டது. தேர்வு முடிந்தாலும் விருந்து, பிரியாவிடை என்றாலும் விருந்து. அவ்விருந்து நடப்பதோ குளிரூட்டப்பட்ட விரைவு உணவகத்தில். ஆளுக்கொரு பொரித்த கோழித்துண்டு, உருளைக்கிழங்கு வறுவல், சர்க்கரை நீர்! "மாணவர்கள் விரும்புகிறார்களே" என்பது நாம் சொல்லும் சமாதானம். வாய்பாட்டை அவர்கள் விரும்பியா படிக்கிறார்கள்?

பொந்தியான் மாவட்டத்தின் தென்புறத்தில், தஞ்சோங் பியாய் முனைக்கு அருகில், குக்குப் என்னும் சிற்றூர் இருக்கிறது. சேற்றுக் கரையில் தூண்கள் நட்டு, அவற்றின்மேல் வீடும் கடையும் கட்டி வாழும் சீன மீனவர் ஊர். எதிரே அலையாத்திக் காடு மண்டிய, மக்கள் வாழாத குக்குப் தீவு. 2003-ஆம் ஆண்டில் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது அத்தீவு. அது அரணாக நிற்பதால்தான் நடுவிலுள்ள நீர் அடங்கிக் கிடக்கிறது. மிதக்கும் கூண்டுகளில் மீன் வளர்க்க முடிகிறது. அலையாத்தி வேர்களுக்கிடையேதான் இறாலும் மீன்குஞ்சும் ஒளிந்து வளர்கின்றன. கூண்டிலிருந்து அடுப்புக்குச் சிறு தொலைவே. நெடுவழி லாரி இல்லை, இடைத்தரகர் குறைவு, பேரங்காடி வாடகை இல்லை, குடும்பத்தாரே உழைக்கின்றனர். பத்துப் பேர் ஒரு வட்ட மேசையில் அமர்ந்து, தட்டுகளை நடுவில் வைத்துப் பகிர்ந்துண்டு, கணக்கைப் பத்தாய்ப் பிரித்தால் ஆளுக்கு வருவது நியாயமான தொகையே.

"சீனன் கடையிலா?" என்று முகம் சுளிக்கும் பெற்றோரை நான் அறிவேன். வகுப்பில் மரியாதைப் பன்மை கற்பிக்கிறோம். வீட்டில் பிள்ளையின் காதுபட 'சீனன்' என்கிறோம். இது எந்த இலக்கணம்? மாட்டிறைச்சி, பன்றியிறைச்சி குறித்த ஐயம் நியாயமானது; முன்கூட்டியே கடைக்காரரிடம் கேட்டுத் தெளியலாம். குவான் யின் அம்மனை வணங்கும் சீனர் பலர் மாட்டிறைச்சியை நம்மைப் போலவே தவிர்ப்பவர்கள் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? சைவ உணவினரை நான் வற்புறுத்தவில்லை. அவர்களுக்குத் தௌவும் கீரையும் கிடைக்கும். ஆனால் கீரையிலும் சிப்பிச் சாற்றை ஊற்றிவிடுவார்கள், சொல்லி வைக்க வேண்டும்.

சமையலைப் பற்றியும் ஒரு சொல். மீன் என்றால் மிளகாய்த்தூளில் புரட்டிப் பொரிப்பது மட்டுமே சமையல் என்பது நம்மவர் துணிபு. தியோச்சியூ முறையில் இஞ்சி, தக்காளி, தௌ, உப்பிட்ட கீரை, புளிப்பு பிளம் ஆகியவற்றோடு ஆவியில் வேகவைக்கிறார்கள். இதில் பழைய மீனை ஒளிக்க முடியாது. மசாலையில் எதையும் ஒளித்துவிடலாம்!

என்னை உண்மையில் வருத்துவது வேறு. நம் மாணவருக்கு 'சியாக்காப்' தெரியும், கொடுவா தெரியாது. 'கெராப்பு' தெரியும், களவா தெரியாது. 'பாரி' என்றால் சம்பல் நினைவுக்கு வரும். திருக்கை என்றால் விழிப்பார்கள். கணவாயும் வஞ்சிரமும் அயிலையும் பாடநூற் படத்தோடு நின்றுபோயின. தொட்டியில் நீந்தும் மீனைச் சுட்டி ஒருமுறை பெயர் சொன்னால் போதும், பிள்ளை மறவாது. நண்டைத் திருப்பிப் பாருங்கள்: வயிற்று மடல் குறுகியிருந்தால் ஆண், அகன்றிருந்தால் பெண். அறிவியல் அங்கேயே நடக்கும். நூறு கிராமுக்கு இவ்வளவு என்றால் 850 கிராம் கொடுவாவுக்கு எவ்வளவு? கணிதமும் நடக்கும்.

நீரைப் பற்றிய அறிவும் வேண்டும். 2019 மார்ச்சில் பாசிர் கூடாங்கின் கிம் கிம் ஆற்றில் வேதிக்கழிவைக் கொட்டினார்கள்; 111 பள்ளிகளை மூட வேண்டியதாயிற்று. அப்பள்ளிகளின் மாணவரும் நம் ஜொகூர்ப் பிள்ளைகளே. ஆறு கெட்டால் தட்டில் என்ன கெடும் என்பதைக் கோழித்துண்டு கற்பிக்குமா?

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். எல்லாக் கடையும் நேர்மையானதன்று. விலைப்பட்டியலில் 'சந்தை விலை' என்று மட்டும் எழுதியிருக்கும். நம்மவரோ கேட்கக் கூச்சப்பட்டுத் தின்றுவிட்டு, கணக்கு வந்தபின் ஊரெல்லாம் தூற்றுவார்கள். கேட்பதில் என்ன இழிவு? நூறு கிராம் என்ன விலை, மீனின் எடை என்ன, சமையல் முறைக்குத் தனிக் கட்டணம் உண்டா என்று கேளுங்கள். எடை போடும்போது அருகில் நில்லுங்கள். மாணவரையே கேட்கச் சொல்லுங்கள், மலாயில். வார இறுதியில் சுற்றுப்பயணிகள் கூட்டம் நெரியும். வாரநாளில் செல்வது நலம். முதல்நாளே தொலைபேசியில் எத்தனை பேர், எவ்வளவு செலவழிக்க எண்ணம் என்பதைச் சொல்லிவிட்டால், அதற்கேற்ற மீனை அவர்களே எடுத்து வைப்பார்கள்.