பிள்ளைக்குப் பெயர்: பொருள் மட்டும் போதுமா?

'சிறு மான்!'

ஆண் பிள்ளைக்கு இப்படியும் ஒரு பெயரா என்று வியக்க வேண்டாம். அயர்லாந்தில் 'ஒஷீன்' என்ற பெயருக்கு இதுதான் பொருள்.

அந்நாட்டுப் பழங்கதையில் ஃபின் மெக்கூல் என்ற மாவீரனின் மகன் ஒஷீன். அவனைப் பெற்றவள், மந்திரத்தால் மானாக மாற்றப்பட்ட ஒரு பெண். பிள்ளை வளர்ந்தான், வீரனானான், கவிஞனும் ஆனான். 'சிறு மான்' என்பது இரண்டே சொல். அதற்குப் பின்னால் ஒரு தாயின் துயரமே இருக்கிறது!

ஐரிஷ் பெயர் தேடும் பெற்றோர் இன்று பட்டியலைப் புரட்டுகிறார்கள். ரீயன் என்றால் சிற்றரசன். ரூரி என்றால் சிவந்த அரசன். டைக் என்றால் கவிஞன். பொருள் இனிக்கிறது. உடனே ஒன்றை எடுத்து வைத்து விடுகிறார்கள். இது போதாது. பெயர் வந்த வழியையும் பார்க்க வேண்டும்.

வேடம் போட்ட பெயர்கள்

1366-ம் ஆண்டில் ஆங்கில ஆட்சியினர் கில்கெனி நகரில் சில சட்டங்கள் செய்தார்கள். அயர்லாந்தில் குடியேறிய ஆங்கிலேயர் ஐரிஷ் மொழி பேசக் கூடாது. ஐரிஷ் முறையில் பெயர் வைத்துக் கொள்ளவும் கூடாது என்றார்கள். பிற்காலத்தில் ஐரிஷ் மக்களின் பெயர்களே ஏடுகளில் ஆங்கில வேடம் போட்டன. டைக், திமோதி ஆனான். டியர்மிட், ஜெரமையா ஆனான். பொருளில் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை!

1893-ல் கேலிக் சங்கம் தோன்றியது. மொழியோடு பெயர்களும் உயிர் பெற்றன. எட்வர்டு என்று அழைக்கப்பட்டு வளர்ந்த டி வலரா, ஐரிஷ் பயின்று 'ஏமன்' ஆனார்.

கோடு போனால் கிழவன்!

ஐரிஷ் எழுத்தில் நெடிலைக் காட்ட, உயிரெழுத்தின் மேல் ஒரு சாய்ந்த கோடு இடுவார்கள். 'ஷான்' என்ற பெயரில் அந்தக் கோட்டை விட்டுவிட்டால், 'முதிய' என்று பொருள்படும் வேறு சொல்லாகிவிடும். தொட்டில் குழந்தைக்குக் கிழவன் என்றா பெயர்? அரசு அலுவலகங்கள் இந்தக் கோட்டோடு பெயர்களைப் பதிய வேண்டும் என்று 2021-ல் சட்டமே வந்தது.

'வெளியூரார் வாயில் நுழையாதே' என்று அஞ்சுவோர் உண்டு. 2007 முதல் பல ஆண்டுகள் அங்கே 'ஜாக்' முதலிடம் பெற்றதற்கு இந்த அச்சமும் ஒரு காரணமாக இருக்கலாம். இரண்டு நாள் திருத்தினால், மூன்றாம் நாள் யாரும் சரியாகவே அழைப்பார்கள்.

வேர் வேற்று மொழியில் இருப்பதும் குறையல்ல. பாட்ரிக் லத்தீனிலிருந்து வந்தது. கிலியன் என்ற பெயருக்குச் சிலர் 'கோயில்' என்பார்கள்; சிலர் 'போர்' என்பார்கள். பொருளில் சண்டை இருக்கலாம். ஆனால், அப்பெயர் தாங்கிய துறவி, 7-ம் நூற்றாண்டில் ஜெர்மனியின் உர்ஸ்பர்க்கில் தம் சமயத்துக்காக உயிர் நீத்தவர் என்ற மரபு இன்றும் வாழ்கிறது.

பெயர் சூட்டுவது ஒரு நாள் வேலை. அதைச் சுமப்பது ஆயுள் முழுவதும். 'எனக்கு ஏன் இந்தப் பெயர்?' என்று பிள்ளை ஒரு நாள் கேட்பான். அப்போது தகப்பனுக்குச் சொல்ல ஒரு கதை இருக்க வேண்டும். அந்தப் பெயரே நல்ல பெயர்!