கம்பெனியில் பாடம், காலேஜில் மார்க்கு!

காலேஜுக்கு பீஸ் கட்டிவிட்டு, பையன் கம்பெனிக்குப் போவதா? பிலானி "பிட்ஸ்" நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் பிள்ளைகளைச் சேர்க்கும் பெற்றோருக்கு எழும் சந்தேகம் இது.

அங்கு 1973-ம் ஆண்டு முதல் "பிராக்டீஸ் ஸ்கூல்" நடக்கிறது. 2-ம் ஆண்டு முடிந்ததும் கோடை விடுமுறையில் சுமார் 2 மாதம். கடைசி ஆண்டில் சுமார் ஐந்தரை மாதம்; அதாவது முழு செமஸ்டர்.

டிமிக்கி செல்லாது

வேலை கம்பெனியில் என்றாலும் இது பாடம்தான். ஆசிரியர் கண்காணிப்பார். அறிக்கை எழுத வேண்டும். செமினாரில் பேச வேண்டும். கிரேடு உண்டு. டிமிக்கி கொடுத்தால் பட்டமே தள்ளிப்போகும்! 2-வது கட்டத்துக்குப் பதில் ஆய்வேடும் எழுதலாம்.

செலவு எவ்வளவு?

பாடம் என்பதால் அந்த செமஸ்டருக்கும் பீஸ் உண்டு. உதவித்தொகையோ கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பெங்களூர், மும்பை என்றால் ரூம் வாடகையும் சாப்பாடும் கையைக் கடிக்கும்.

சில கம்பெனிகள் பயிற்சியில் கெட்டிக்காரர்களை வேலைக்கே எடுத்துக்கொள்வது உண்டு. ஆனால் உத்தரவாதம் கிடையாது.

இடம் ஒதுக்குமுன் மாணவர்களிடம் விருப்பம் கேட்பார்கள். அப்போது தொகையை மட்டும் பார்த்து மயங்கக்கூடாது. வாடகை போக மிஞ்சுவது எவ்வளவு, பிள்ளை கற்கப்போகும் வேலை என்ன என்று கேட்டுவிட்டு தலையாட்டுவதே நல்லது.