பட்டனைத் தட்டினால் பிளைண்ட்ஸ் இறங்கும்... ஆனால் சுவரைத் திறக்கும் முன் இதைப் படிங்க!

மாலை மணி 4. மேற்குப் பக்கம் பார்த்த வரவேற்பறை. வெயில் நேராக சோஃபாமேல் விழுகிறது. நீங்கள் அலுவலகத்தில். வீட்டில் பாட்டி மட்டும்.

கைபேசியில் ஒரு தட்டு. பிளைண்ட்ஸ் தானாக இறங்குகிறது. சூப்பர்!

ஐந்து நிமிடம் கழித்துப் பாட்டியிடமிருந்து அழைப்பு. "ஐயா, திடீர்னு வீடே இருட்டாயிடுச்சு. இதை எப்படிப்பா மேல தூக்குறது? கயிறையும் காணோம்..."

செயலி உங்கள் கையில். பாட்டிக்கு? அதற்குத்தான் சுவரில் ஒரு சுவிட்ச் வேண்டும்.

மோட்டார் பொருத்திய பிளைண்ட்ஸை இயக்கும் ஸ்மார்ட் சுவிட்ச் இணையக் கடைகளில் எளிதாகக் கிடைக்கிறது. "பத்தே நிமிஷத்துல நீங்களே மாட்டலாம்" என்று சொல்லும் காணொளிகளும் ஏராளம். ஆனால் அந்தக் காணொளியில் இருக்கும் சுவரும் உங்கள் வீவக வீட்டுச் சுவரும் ஒன்றல்ல. வித்தியாசம் என்ன? பார்க்கலாம்.

ஏன் இப்போது இத்தனை பேச்சு?

சிங்கப்பூர் 2014-இல் 'அறிவார்ந்த தேசம்' திட்டத்தைத் தொடங்கியது. பொங்கோல் நார்த்‌ஷோர் வட்டாரத்தில் ஸ்மார்ட் வசதிகளுக்குத் தயாரான வீவக வீடுகள் கட்டப்பட்டன. விளக்கு, ஏர்கான், கதவுப் பூட்டு என்று ஒவ்வொன்றாகக் கைபேசிக்குள் வந்தன. இப்போது ஜன்னலின் முறை.

2022 அக்டோபரில் 'மேட்டர்' என்ற பொதுத் தரநிலை வெளியானது. ஆப்பிள், கூகல், அமேசான், சாம்சுங் எல்லாம் அதை ஆதரிக்கின்றன. முதல் பதிப்பிலேயே ஜன்னல் திரைகளும் இடம்பெற்றன. வெவ்வேறு நிறுவனங்களின் சாதனங்கள் ஒன்றோடொன்று 'பேசுவது' அதனால் எளிதானது.

இன்னொரு காரணம், பாதுகாப்பு. தொங்கும் கயிற்றில் கழுத்து சிக்கிக் குழந்தைகள் உயிரிழந்த சம்பவங்கள் பல நாடுகளில் நடந்திருக்கின்றன. அமெரிக்காவில், கடைகளில் ஆயத்தமாக விற்கப்படும் பிளைண்ட்ஸுக்குக் கயிறு கூடாது என்ற தரநிலை 2018 இறுதியில் நடப்புக்கு வந்தது. மோட்டார் இருந்தால் கயிறு தேவையில்லை. சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு அது பெரிய நிம்மதி.

முதலில் மோட்டாரைப் பாருங்க, அப்புறம் சுவிட்ச்!

பலர் செய்யும் முதல் தவறு இதுதான். சலுகை விலையில் சுவிட்சை வாங்கிவிடுவார்கள். பிறகுதான் அது தங்கள் மோட்டாருக்குப் பொருந்தாது என்று தெரியவரும்.

மோட்டாரில் முக்கியமாக 3 வகை உண்டு:

• 230 வோல்ட், 4 கம்பி மோட்டார்: 'மேலே' போக ஒரு கம்பி, 'கீழே' வர ஒரு கம்பி, ஒரு நியூட்ரல், ஓர் எர்த். சுவரில் பொருத்தும் ஸ்மார்ட் கர்ட்டன் சுவிட்ச் இந்த வகைக்காகத்தான் செய்யப்படுகிறது.

• ரிமோட் அல்லது வைஃபை உள்ளேயே இருக்கும் மோட்டார்: இதற்கு எப்போதும் மின்சாரம் வேண்டும். சுவிட்சை வைத்து மின்சாரத்தைத் துண்டித்தால் மோட்டாருக்கு 'காது' கேட்காமல் போய்விடும். இதற்குத் தேவை கம்பியில்லாத பட்டன்தான். சிலவற்றுக்கு ஹப் ஒன்றும் வேண்டியிருக்கும்.

• பேட்டரி மோட்டார்: சுவரில் எந்த வேலையும் இல்லை. பட்டனைச் சுவரில் ஒட்டிக்கொள்ளலாம். ஆனால் அவ்வப்போது மின்னூட்டம் செய்யவேண்டும்.

உங்களிடம் இருப்பது எது? மோட்டாரின் மேல் ஒட்டியிருக்கும் தாளைப் பாருங்கள். வோல்ட் அளவும் கம்பிகளின் எண்ணிக்கையும் அதில் இருக்கும். இல்லையென்றால் பிளைண்ட்ஸ் பொருத்தியவரிடமே கேளுங்கள்.

விளக்குக்குப் போடும் ஸ்மார்ட் சுவிட்ச் போதாதா?

போதாது. காரணம் எளிமையானது.

விளக்குக்கு இரண்டு நிலைதான். எரியும், அணையும். மோட்டாருக்கு மூன்று நிலை. மேலே, கீழே, நில்.

இரண்டு பட்டன் கொண்ட விளக்கு சுவிட்சை மோட்டாருக்குப் போட்டால் 'மேலே', 'கீழே' இரண்டையும் ஒரே நேரத்தில் அமுக்க முடியும். இரண்டு பக்கமும் ஒன்றாக மின்சாரம் போனால் மோட்டார் கெட்டுப்போகலாம். நீங்கள் கவனமாக இருப்பீர்கள். வீட்டுக்கு வரும் தம்பி தங்கை?

கர்ட்டன் சுவிட்சில் இதற்கென ஒரு தடுப்பு உண்டு. ஒரு பக்கம் வேலை செய்யும்போது மறுபக்கம் தானாகப் பூட்டிக்கொள்ளும். திசை மாறும்போது ஒரு கணம் நின்று பிறகு திரும்பும்.

இன்னொன்று. "ரெண்டு ஜன்னல், ரெண்டு மோட்டார், ஒரே சுவிட்ச். காசு மிச்சம்தானே?" என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டாம். ஒரே கம்பியில் நேரடியாக இரண்டு 4 கம்பி மோட்டார்களை இணைத்தால், ஒன்றில் உருவாகும் மின்னழுத்தம் மற்றொன்றுக்குள் திரும்பிப் போய் அதைச் சேதப்படுத்தக்கூடும். ஒவ்வொரு மோட்டாருக்கும் தனித் தனி இணைப்பு வேண்டும். செயலியில் இரண்டையும் ஒரு குழுவாகச் சேர்த்துக்கொண்டால் ஒரே தட்டில் இரண்டும் இறங்கும்.

சுவருக்குள் என்ன இருக்கிறது?

இதுதான் உண்மையிலேயே ஆபத்தான பகுதி.

இங்கே வீட்டு மின்சாரம் 230 வோல்ட். காணொளியில் வருபவர் அமெரிக்காவில் இருந்தால் அவர் கையாளும் சுவிட்சில் ஏறக்குறைய 120 வோல்ட்தான். கம்பிகளின் நிறமும் வேறு.

அமெரிக்காவில் கறுப்புக் கம்பி என்றால் லைவ், அதாவது மின்சாரம் பாயும் கம்பி. சிங்கப்பூரின் பழைய வீடுகளில் கறுப்பு என்றால் நியூட்ரல். சிவப்புதான் லைவ்.

இங்கே 2009 மார்ச் 1-இல் நிறங்கள் மாற்றப்பட்டன. அதற்குப் பிந்திய வீடுகளில் பழுப்பு நிறம் லைவ், நீலம் நியூட்ரல். மூன்று கட்ட மின்சாரம் உள்ள இடங்களில் கறுப்பும் லைவ்!

ஆக, ஒரே கறுப்புக் கம்பி. ஒரு வீட்டில் அது நியூட்ரல், இன்னோர் இடத்தில் லைவ். பழைய வீட்டை வாங்கியவர் பாதி வீட்டுக்கு மட்டும் புதுக் கம்பி போட்டிருந்தால் இரண்டு வகை நிறங்களும் ஒரே வீட்டில் இருக்கலாம். நிறத்தை மட்டும் நம்பி வேலை செய்வது உயிரோடு விளையாடுவது.

அடுத்து, நியூட்ரல் பிரச்சினை. பழைய வீடுகளில் பல விளக்கு சுவிட்சுகளுக்குப் பின்னால் நியூட்ரல் கம்பியே இருக்காது. லைவ் உள்ளே வரும், விளக்குக்குப் போகும். அவ்வளவுதான். ஆனால் கர்ட்டன் சுவிட்சுக்குப் பொதுவாக நியூட்ரல் கட்டாயம் தேவை. 'நியூட்ரல் வேண்டாம்' என்று விற்கப்படும் சுவிட்சுகள் பெரும்பாலும் விளக்குகளுக்கானவை.

பெட்டியின் அளவையும் பாருங்கள். சிங்கப்பூரில் சதுர வடிவ சுவிட்ச், பக்கத்துக்கு 86 மில்லிமீட்டர். அமெரிக்க சுவிட்ச் நீள்சதுரம். இங்குள்ள பெட்டியில் உட்காராது. ஸ்மார்ட் சுவிட்சின் பின்பகுதி தடிமனாக இருக்கும் என்பதால் சுவர்ப் பெட்டியின் ஆழமும் முக்கியம்.

நானே மாட்டலாமா?

நேரடியாகச் சொல்வோம். சுவருக்குள் இருக்கும் கம்பி வேலையை உரிமம் பெற்ற மின்பணியாளரிடம் விட்டுவிடுங்கள். மின்கம்பி வேலைகளை அவர்கள்தான் செய்யவேண்டும் என்கிறது எரிசக்திச் சந்தை ஆணையம். ஒருவருக்கு உரிமம் இருக்கிறதா என்பதை ஆணையத்தின் இணையப்பக்கத்தில் நீங்களே சரிபார்க்கலாம். "உரிமம் இருக்கா?" என்று கேட்பது அவமரியாதை இல்லை. நல்ல பணியாளர் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

"அதான் வீட்ல ஆர்சிசிபி இருக்கே, ஷாக் அடிச்சா தானா கட் ஆயிடுமே?"

மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி அது. 1985 ஜூலை முதல் புதிய வீடுகளில் கட்டாயம். பழைய வீடுகளும் 2025 ஜூலை 1-க்குள் அதைப் பொருத்தவேண்டும் என்று கால அவகாசம் தரப்பட்டது.

ஆனால் ஒரு முக்கியமான விஷயம். மின்சாரம் உங்கள் உடல் வழியாகத் தரைக்குப் போனால்தான் அந்தக் கருவிக்குத் தெரியும். ஒரு கை லைவ் கம்பியிலும் மறு கை நியூட்ரலிலும் பட்டால்? அதைப் பொறுத்தவரை நீங்களும் ஒரு மின்விளக்குதான். துண்டிக்காது.

அப்படியென்றால் உங்கள் வேலை என்ன? திட்டமிடுவது. ஜன்னலுக்கு மேலே மின்சாரம் வருகிறதா? இல்லையென்றால் கம்பியை எந்த வழியாகக் கொண்டுபோவது? சுவிட்ச் எந்த உயரத்தில்? சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு எட்டுமா? புது வீடு என்றால் சுவருக்குச் சாயம் பூசுவதற்கு முன்பே இவற்றை முடிவுசெய்யுங்கள். பிறகு என்றால் சுவர்மேல் பிளாஸ்டிக் குழாய் ஓடும்.

மாட்டியாச்சு. அடுத்து?

• வைஃபை: இத்தகைய சுவிட்சுகளில் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில்தான் இணையும். 'இணைப்பு தோல்வி' என்று வந்தால் முதலில் இதைப் பாருங்கள்.

• எல்லை: பிளைண்ட்ஸ் மேலே எங்கே நிற்கவேண்டும், கீழே எங்கே நிற்கவேண்டும் என்பதை மோட்டாரில்தான் அமைக்கவேண்டும். செயலியில் அல்ல. அது சரியாக இல்லாவிட்டால் துணி சுருண்டு சிக்கும்.

• திசை: 'மேலே' அமுக்கினால் கீழே போகிறதா? பதறவேண்டாம். பெரும்பாலான செயலிகளில் திசையை மாற்றும் வசதி உண்டு.

• நேர அளவீடு: 4 கம்பி மோட்டார் தான் எங்கே நிற்கிறது என்று சுவிட்சுக்குச் சொல்லாது. முழுதாக இறங்க எத்தனை விநாடி என்பதை வைத்துத்தான் சுவிட்ச் 'பாதி', 'கால்வாசி' என்று கணக்குப் போடுகிறது. நாளடைவில் கணக்குத் தப்பும். ஒருமுறை முழுதாக ஏற்றி இறக்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

• ஓய்வு: புதுச் சுவிட்ச் என்ற ஆர்வத்தில் திரும்பத் திரும்ப ஏற்றி இறக்காதீர்கள். இந்த மோட்டார்கள் சில நிமிடங்கள்தான் தொடர்ந்து ஓடும். சூடு ஏறினால் தானாக நின்றுவிடும். கெட்டுப்போகவில்லை, ஆறட்டும்.

ஒரு சிங்கப்பூர்க் குறிப்பு. பல செயலிகளில் 'சூரியன் மறையும்போது மூடு' என்ற வசதி உண்டு. கோடையில் ஒரு நேரம், குளிர்காலத்தில் ஒரு நேரம் என்று மாறும் ஐரோப்பாவுக்கு அது அவசியம். நாம் இருப்பது பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில். ஆண்டு முழுவதும் இங்கே சூரியன் மறைவது ஏறத்தாழ 6.50-க்கும் 7.20-க்கும் இடையில்தான். பிற்பகல் 3 மணிக்கு இறங்கு, இரவு 7.30-க்கு ஏறு என்று ஒருமுறை சொல்லிவைத்தால் போதும்.

வைஃபை போனால்? நிறுவனமே மூடிவிட்டால்?

கம்பி வழி இணைத்த சுவிட்ச் என்றால் வைஃபை இல்லாவிட்டாலும் சுவரில் உள்ள பட்டன் வேலை செய்யும். பாட்டிக்குக் கவலையில்லை.

ஆனால் சில சாதனங்கள் எல்லாவற்றுக்கும் வெளிநாட்டில் இருக்கும் கணினியை நம்பியிருக்கும். அமெரிக்காவின் இன்ஸ்டியான் நிறுவனத்தின் கணினிச் சேவை 2022 ஏப்ரலில் முன்னறிவிப்பின்றி நின்றது. வாடிக்கையாளர்களின் செயலிகள் செயலிழந்தன. பிறகு பயனீட்டாளர்கள் சிலர் சேர்ந்து அதை வாங்கி மீட்டனர்.

அதனால் வாங்குமுன் ஒரு கேள்வி: "இன்டர்நெட் இல்லாம வீட்டுக்குள்ளேயே இது வேலை செய்யுமா?" மேட்டர் சாதனங்கள் வீட்டு வலையமைப்புக்குள்ளேயே கட்டளைகளைப் பரிமாறிக்கொள்ளும்படி வடிவமைக்கப்பட்டவை.

ஒரு திரைச்சீலையை யார் ஹேக் பண்ணப் போறாங்க?

2016 அக்டோபரில் ஸ்டார்ஹப் வீட்டு இணையச் சேவை இரண்டு முறை தடைபட்டது. இணையத் தாக்குதல்தான் காரணம் என்றது நிறுவனம். வாடிக்கையாளர்களின் வீடுகளில் இருந்த, கிருமி தொற்றிய சாதனங்களும் அந்தத் தாக்குதலில் பயன்படுத்தப்பட்டன. அவர்களில் பலருக்கு அது தெரிந்தே இருக்காது.

உங்கள் பிளைண்ட்ஸ் தினமும் எப்போது இறங்குகிறது என்பது ஒரு தகவல். ஒரு வாரம் இறங்கவே இல்லை என்றால் வீட்டில் ஆள் இல்லை என்பதும் ஒரு தகவல்.

சிங்கப்பூர் இணையப் பாதுகாப்பு அமைப்பு 2020-இல் ஸ்மார்ட் சாதனங்களுக்கான முத்திரைத் திட்டத்தைத் தொடங்கியது. மொத்தம் 4 நிலைகள். முதல் நிலைக்கே, எல்லாச் சாதனங்களுக்கும் ஒரே மறைச்சொல் இருக்கக்கூடாது, மென்பொருள் புதுப்பிப்பு வரவேண்டும். நான்காம் நிலைக்கு, வல்லுநர்கள் ஊடுருவ முயன்று சோதித்திருக்கவேண்டும். வைஃபை ரௌட்டர்களுக்கு முத்திரை கட்டாயம். சுவிட்சுகளுக்கு நிறுவனங்கள் விரும்பினால் பெறலாம். முத்திரை இருந்தால் அதை வாங்குங்கள்.

வாடகை வீடா?

சுவரைத் தொடாதீர்கள். கழற்றி எடுத்துப்போகக்கூடிய பேட்டரி மோட்டாரும் ஒட்டும் பட்டனும் போதும். வீடு மாறும்போது கூடவே வரும்.

கடைசியாக...

எல்லாம் முடிந்ததும் ஒரு சோதனை செய்து பாருங்கள். கைபேசியை அணைத்து வையுங்கள். வைஃபையையும் அணையுங்கள். வீட்டில் ஆக வயதானவரை அழைத்து, "பாட்டி, இதை மேல தூக்குங்க" என்று சொல்லுங்கள்.

நீங்கள் விளக்கம் சொல்லாமலேயே அவர் தூக்கிவிட்டால், உங்கள் வீடு உண்மையிலேயே ஸ்மார்ட்தான்.